கம்போஸ்ட் டீ: வாளிக்குள் நடப்பது என்ன?

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கறுப்பான ஒரு திரவம் பல வடிவங்களில் வந்து சேர்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். மட்குத் தொட்டியின் அடிக்குழாயில் சொட்டுவதும் கம்போஸ்ட் டீ. மண்புழுப் படுக்கையில் வடிவதும் கம்போஸ்ட் டீ. மீன்தொட்டிப் பம்ப் வைத்து ஒரு நாள் குமிழ விட்டு எடுப்பதும், நர்சரியில் லிட்டர் பாட்டிலில் விற்பதும் அதேதான். இதை ஊற்றினால் வேறு உரமே வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். இலையில் தெளித்தால் சாம்பல் நோய் ஓடிவிடும் என்கிறார் இன்னொருவர். கீரையில் அடிக்காதீர்கள், வயிற்றுக்கு ஆகாது என்று பயமுறுத்துபவரும் உண்டு. மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் ஒரே திரவத்தைப் பற்றிப் பேசவில்லை. குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்குகிறது.

## எது எது?

1. கசிவு நீர்: சமையலறைக் கழிவு மட்கும்போது தொட்டியின் அடியில் இறங்கும் நீர். மட்கி முடிந்த உரத்திலிருந்து வருவதல்ல இது. பாதி அழுகிய கழிவின் ஊடாக இறங்கி வருவது. கரிம அமிலங்கள் இதில் கூடுதல். சாம்பாரும் ஊறுகாயும் மிஞ்சினால் தொட்டியில் கொட்டும் வீடுகளில் உப்பும் ஏறும். செடிக்கு ஊற்றுவதைவிட மட்குக் குவியலிலேயே திருப்பி ஊற்றிவிடுவது நல்லது. ஊற்றியே ஆக வேண்டுமென்றால் பத்து மடங்குக்கு மேல் தண்ணீர் கலந்து, பூச்செடிகளுக்கு மட்டும்.

2. உர ஊறல்: நன்றாக மட்கிய உரத்தைத் தண்ணீரில் கரைத்து, சில நிமிடங்கள் கலக்கி, வடிகட்டி அப்போதே பயன்படுத்துவது. நுண்ணுயிர்கள் பெருக இதில் நேரம் கிடையாது. உரத்தில் ஏற்கெனவே இருந்தவை தண்ணீருக்கு இடம் மாறுகின்றன, அவ்வளவுதான்.

3. காற்றூட்டாத டீ: உரத்தைத் தண்ணீரில் போட்டு ஒரு வாரம், இரண்டு வாரம் ஊறவிடுவது. எப்போதாவது குச்சியால் கிண்டிவிடுவார்கள். பழைய முறை இதுதான்.

4. காற்றூட்டிய டீ: பம்ப் மூலம் காற்றைச் செலுத்திக்கொண்டே ஓரிரு நாள் வைத்திருப்பது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எலைன் இங்காம் 1990களிலிருந்து பரப்பிய முறை. இன்று வீடியோக்களில் ‘கம்போஸ்ட் டீ’ என்றால் பெரும்பாலும் இதைத்தான் காட்டுகிறார்கள்.

5. மண்புழு நீர்: நம் ஊரில் வெர்மிவாஷ் என்றே புழங்குகிறது. மண்புழுக்கள் வாழும் படுக்கையின் மேல் மெல்லச் சொட்டவிட்ட தண்ணீரை அடியில் பிடிப்பது. சென்னையைச் சேர்ந்த மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் தமிழ்நாட்டில் இதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர்.

பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் இந்தப் பட்டியலில் சேராது. இரண்டும் பசுஞ்சாணத்தையும் கோமியத்தையும் நேரடியாக நொதிக்க வைப்பவை. கொடுமுடி மருத்துவர் நடராஜன் வகுத்துத் தந்த பஞ்சகவ்யத்தை 3 சதவீதக் கரைசலாகத் தெளிக்கிறார்கள். 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர் என்ற கணக்கில் மண்ணுக்குப் போகிறது. கம்போஸ்ட் டீயின் மூலப்பொருள் வேறு: ஏற்கெனவே மட்கி, சூடேறி, ஆறி, அடங்கிய உரம். இந்த ஒரு வேறுபாடு, பின்னால் கிருமிகளைப் பற்றிப் பேசும்போது பெரிதாகத் தெரியவரும்.

இனி இந்தக் கட்டுரையில் டீ என்றால் காற்றூட்டிய டீ.

## தண்ணீரில் காற்று எவ்வளவு நிற்கும்?

உரத்தை நுண்துளைப் பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டதும் இரண்டு வேலைகள் சேர்ந்தே நடக்கின்றன. கரையக்கூடிய உப்புகளும், மட்கிய கரிமத்தின் கறுப்புச் சாரமான ஹியூமிக் பொருள்களும் தண்ணீரில் இறங்குகின்றன. கறுப்பு நிறம் அவற்றால் வருவது. உரத் துகள்களில் ஒட்டியிருந்த பாக்டீரியாக்கள், பூஞ்சைகள், அவற்றைத் தின்னும் ஒருசெல் உயிரிகள் ஆகியவையும் பிரிந்து மிதக்கத் தொடங்குகின்றன. தின்ன ஏதாவது இருந்தால் பாக்டீரியா பெருகும். பெருகப் பெருக ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கும். பம்ப் அந்த ஆக்சிஜனை ஈடுகட்ட வேண்டும். லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கவிடக் கூடாது என்பது இம்முறைக்காரர்கள் வைத்திருக்கும் வழக்கமான அளவுகோல்.

வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் சறுக்குவது இங்கேதான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகிறது. 35 டிகிரியில் 7. எவ்வளவு பெரிய பம்ப் வைத்தாலும் இந்த உச்சவரம்பைத் தாண்ட முடியாது. மறுபக்கம், வெப்பம் 10 டிகிரி ஏறினால் நுண்ணுயிர்களின் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மே மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ மொட்டை மாடியில் ஒரு கறுப்பு வாளியை வைத்தால் தண்ணீர் 35 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். இருப்பு குறைந்து, செலவு கூடிவிடுகிறது. 20 டிகிரியை மனதில் வைத்து எழுதப்பட்ட ‘24 முதல் 36 மணி நேரம்’ என்ற குறிப்பு நம் கோடைக்குப் பொருந்தாது. வாளியை வீட்டுக்குள் நிழலில் வைத்து, 12 முதல் 18 மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வதே சரி. மார்கழி, தை மாதங்களில் 24 மணி நேரம் வரை போகலாம்.

## சத்துக் கணக்கு

டீயை உரமாக நினைப்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. மண்புழு உரத்தில் குறைந்தது 1 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரையறை. ஒரு கிலோ உரத்தில் 10 கிராம். அதிலும் பெரும்பகுதி கரிமப் பொருளோடு பிணைந்திருக்கும், தண்ணீரில் இறங்காது. தாராளமாக ஐந்தில் ஒரு பங்கு கரைவதாகவே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோவைப் போட்டுத் தயாரித்த 10 லிட்டர் டீயில் 2 கிராம் தழைச்சத்து. ஏறக்குறைய நாலரை கிராம் யூரியாவில் இருக்கும் அளவு அது. பைக்கு அரை லிட்டர் வீதம் 20 பைகளுக்கு ஊற்றினால் ஒவ்வொன்றுக்கும் 100 மில்லிகிராம்.

அதே மண்புழு உரத்தில் 200 கிராமை ஒரு பையின் மேல்மண்ணில் கிளறிவிட்டால் 2 கிராம் தழைச்சத்து உள்ளே போகிறது. மெல்ல மெல்ல, பல வாரங்களுக்கு அது செடிக்குக் கிடைக்கும். மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) இதே கதைதான். சாம்பல்சத்து (பொட்டாசியம்) தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் அது மட்டும் கொஞ்சம் தாராளமாக இறங்கும்.

டீ ஊற்றிய மறுநாளே செடி பசுமையாகத் தெரிகிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. வாடிக் கிடந்த பைக்கு அரை லிட்டர் தண்ணீரும் உடனே உறிஞ்சத்தக்க கொஞ்சம் சத்தும் கிடைத்தால் செடி நிமிரத்தான் செய்யும். ஆனால் தக்காளியும் கத்தரியும் காய்த்து முடிக்கக் கேட்கும் சத்துக்கு டீயை நம்பி, மட்கு உரம் இடுவதை நிறுத்திவிட்டால் இரண்டாம் பறிப்புக்குள் அடியிலைகள் வெளுக்கத் தொடங்கும்.

## நுண்ணுயிர்க் கணக்கு

சத்துக்காக இல்லை, உயிர்களுக்காகத்தான் டீ என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிராம் வளமான மண்ணில் 100 கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம் என்பது மண் உயிரியலில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. 15 கிலோ நல்ல மண் கலவை உள்ள பையில் 15 லட்சம் கோடி. ஒரு மில்லி டீயில் 10 கோடி இருப்பதாக வைத்துக்கொண்டால், அரை லிட்டரில் 5,000 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். பையில் ஏற்கெனவே குடியிருப்பதில் அது முந்நூறில் ஒரு பங்கு. புதிதாக வந்தவை அங்குள்ள ஈரத்துக்கும் உணவுக்கும் பழகிப்போன பழைய குடிகளோடு போட்டியிட வேண்டும். மண்ணில் கரிமப் பொருள் இருந்தால் உயிர்கள் தாமாகப் பெருகும். இல்லையென்றால் எத்தனை வாளி ஊற்றினாலும் சில நாட்களில் பழைய நிலைதான்.

ஆனால் எல்லாப் பைகளிலும் வளமான மண் இருப்பதில்லை. மாடித்தோட்டங்களில் பெரும்பாலும் எடைக்குப் பயந்து தென்னை நார்க்கழிவைத்தான் நிரப்புகிறோம். தோட்டக்கலைத் துறை கொடுக்கும் மாடித்தோட்டத் தொகுப்பிலும் அந்தக் கட்டிகள்தான் வருகின்றன. கழுவி, அழுத்தி, உலர்த்திய நார்க்கழிவில் மண்ணுக்குரிய உயிர்ப்பன்மை கிடையாது. புதிதாக ஊறவைத்த நார்க்கழிவு, நாற்றுவிடும் குழித்தட்டு, நீண்ட நாள் வெயிலில் காய்ந்து கிடந்து மறுபடி பயன்படுத்தும் பழைய கலவை ஆகிய மூன்று இடங்களிலும் டீ ஊற்றுவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. வீடு காலி இல்லாத தெருவில் குடியேற வருபவருக்கும் ஆளே இல்லாத புதுத் தெருவில் குடியேற வருபவருக்கும் உள்ள வித்தியாசம் இது. ஆண்டாண்டாக மட்கு உரம் போட்டுவரும் தரைத்தோட்டத்துக்கு டீ கூடுதலாகச் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

## நோயைத் தடுக்குமா?

வாதம் நியாயமானதுதான். இலைமேல் நல்ல நுண்ணுயிர்கள் இடம் பிடித்துக்கொண்டால் நோய்ப்பூஞ்சைக்கு இடமும் உணவும் கிடைக்காது. சில பாக்டீரியாக்கள் பூஞ்சையைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. சில, செடியின் சொந்த எதிர்ப்பைத் தட்டி எழுப்புகின்றன. 1980களில் ஜெர்மனியின் போன் பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிஷ் வெல்ட்சீனும் அவருடைய குழுவினரும் உர ஊறல்களைத் தெளித்து திராட்சை அடிச்சாம்பல் நோய் உள்ளிட்ட சில நோய்கள் குறைவதைக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது காற்றூட்டாத வகை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ‘காற்று இல்லாவிட்டால் டீ விஷமாகிவிடும்’ என்று சொல்பவர்களுக்கு இது சங்கடமான தகவல்.

பிறகு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஸ்டீவ் ஷூரெல்லும் வால்டர் மகாஃபியும் இரு வகைகளையும் முறையாக ஒப்பிட்டார்கள். அவர்களுடைய இரண்டு முடிவுகள் தோட்டக்காரருக்கு உதவும்.

ஒன்று, வெள்ளரி நாற்றழுகல் பற்றியது. 2004இல் வெளியான ஆய்வில், கடல்பாசியும் ஹியூமிக் அமிலமும் சேர்த்துத் தயாரித்த காற்றூட்டிய டீயை நாற்று ஊடகத்தில் ஊற்றியபோது நோய் ஓரளவு நிலையாகக் கட்டுப்பட்டது. மொலாசஸ், அதாவது கரும்பாலைப் பாகு, அடிப்படையிலான சேர்மானம் போட்ட டீ ஒரு முறை கட்டுப்படுத்தியது, மறுமுறை கைவிட்டது. டீயில் மிச்சமிருக்கும் சத்து நோய்ப்பூஞ்சைக்கும் தீனியாகிவிடுகிறது என்பதே காரணமாகத் தெரிகிறது. நுண்ணுயிர் பெருகட்டும் என்று வெல்லத்தையும் நாட்டுச்சர்க்கரையையும் அள்ளிப் போடும் நம் வழக்கத்துக்கு இது நேரடியான எச்சரிக்கை. பாசி வேண்டுமென்றால் மண்டபம், இராமேசுவரம் கடற்கரையில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியின் சாறு கடைகளில் கிடைக்கிறது. ஓரிகன் ஆய்வில் போட்ட பழுப்புப் பாசி வேறு, இது செம்பாசி. ஆகவே அதே பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, ஜெரேனியச் செடியின் இலையில் சாம்பல் பூஞ்சாணம். இங்கே விளைவு தொகுதிக்குத் தொகுதி மாறிக்கொண்டே இருந்தது. ஒரு வாளி வேலை செய்தது, இன்னொரு வாளி சும்மா இருந்தது. இலைத் தெளிப்பைப் பற்றிய பிற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் இதே ஏற்ற இறக்கம்தான். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை அறிஞர் லிண்டா சால்கர்-ஸ்காட் கம்போஸ்ட் டீயைத் தொடர்ந்து விமர்சிப்பது இதனால்தான்: நிலையான பலன் தராத ஒன்றை நோய் மருந்தாகப் பரிந்துரைக்க முடியாது.

நாற்றங்காலில் நாற்றழுகலுக்கு எதிராக முயன்று பார்க்க ஓரளவு ஆதாரம் இருக்கிறது. வெண்டையிலும் பூசணியிலும் சாம்பல் நோய் வந்த பிறகு டீயை மருந்தாக நம்புவதற்கு இல்லை. நோயுற்ற இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துவதும், பைகளுக்கிடையே காற்றோட்டம் விடுவதும் அதைவிட நிச்சயமாக உதவும்.

## வெல்லமும் ஈ.கோலையும்

கீரையில் தெளிக்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். பயம் எங்கிருந்து வந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது நல்லது.

1. மாடு, ஆடு, கோழி ஆகியவற்றின் சாணத்தில் மனிதருக்கு நோய் தரும் ஈ.கோலை வகைகளும் சால்மோனெல்லாவும் இருக்கக்கூடும். எல்லாச் சாணத்திலும் இருக்காது. இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

2. உரக்குவியல் போதிய அளவு சூடேறினால் இவை சாகும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளின்படி, மூடிய கலத்தில் 55 முதல் 77 டிகிரி வரை 3 நாட்கள் இருக்க வேண்டும். வரிசைக் குவியலாக இருந்தால் அதே வெப்பம் 15 நாட்கள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிவிட வேண்டும். வீட்டு மொட்டை மாடியில் 20 லிட்டர் வாளியில் மட்கும் கழிவு இந்த வெப்பத்தைத் தொடுவது அரிது. பொருளின் அளவு போதாது, சூடு வெளியேறிவிடும். மண்புழு உரம் சூடேறவே கூடாது, ஏறினால் புழு செத்துவிடும். புழுக்கள் கிருமிகளைக் குறைக்கின்றன. ஆனால் முழுவதும் போய்விட்டன என்று உறுதி சொல்ல முடியாது.

3. உரத்தில் ஒரு சில கிருமிகள் மிஞ்சியிருந்தால் தனியாக அவை பெரிய ஆபத்தில்லை. வாளிக்குள் அவை பெருகினால்தான் சிக்கல். பெருகுமா, பெருகாதா என்பதைத் தீர்மானிப்பது, நாம் என்ன சேர்க்கிறோம் என்பது.

அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் இதைத் தனித்தனியாகச் சோதித்தார்கள். மொலாசஸ் சேர்க்காத டீயில் ஈ.கோலை ஓ157 வகையும் சால்மோனெல்லாவும் பெருகவில்லை. சேர்த்தபோது பெருகின. இது 2004இல் வெளியான முடிவு. 2007இல் அதே துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வும் இதையே உறுதிசெய்தது: சத்துச் சேர்மானம் போட்டால் காற்றூட்டிய டீயிலும் காற்றூட்டாத டீயிலும் கிருமி பெருகுகிறது. ஆக, ‘பம்ப் ஓடினால் கெட்ட கிருமி வராது’ என்ற நம்பிக்கை தவறு. ஈ.கோலை காற்று இருந்தாலும் வாழும், இல்லாவிட்டாலும் வாழும். காற்றில்லாச் சூழலில் மட்டும் வளரும் உயிரி அல்ல அது.

மூக்கும் இங்கே உதவாது. மழை பெய்த மண் வாசம் வந்தால் டீ நன்றாக இருக்கிறது என்பார்கள். அழுகிய முட்டை நாற்றமோ புளிப்பு நாற்றமோ அடித்தால் காற்று போதவில்லை என்று கண்டுகொள்ள அந்தச் சோதனை பயன்படும். ஈ.கோலைக்கு அடையாளம் சொல்லும் வாசனை ஒன்றும் கிடையாது. நுரையும் அப்படித்தான். வெல்லமும் புரதமும் கலந்த எந்தக் கரைசலில் காற்றை ஊதினாலும் நுரை பொங்கும்.

அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண் தர வாரியம் அமைத்த பணிக்குழு 2004இல் இந்த விஷயத்தைப் பரிசீலித்தது. குடிக்கத் தகுந்த தண்ணீர், கிருமி நீக்கிய கலன், விதிப்படி சூடேறிய உரம், கூடுதல் சத்து சேர்க்காமை ஆகியவற்றைக் கடைப்பிடித்தால் பயன்படுத்தலாம் என்றது. வெல்லம் போன்ற எதையாவது சேர்த்தால், உண்ணும் பயிரில் இடுவதற்கு முன் ஆய்வகச் சோதனை தேவை. 100 மில்லியில் ஈ.கோலை 126க்கு மேல் இருக்கக் கூடாது. மக்கள் குளிக்கும் நீர்நிலைகளுக்கு அங்கே வைத்திருக்கும் அளவும் இதுவே. வீட்டுத் தோட்டக்காரர் ஒவ்வொரு வாளியையும் ஆய்வகத்துக்கு அனுப்பப் போவதில்லை. ஆகவே விதியைச் சுருக்கிக்கொள்ளலாம்: வெல்லம் போட்டிருந்தால் உண்ணும் பகுதியில் படவே கூடாது.

எந்தச் செடி என்பதும் முக்கியம். அரைக்கீரை, சிறுகீரை கொதியில் வெந்துவிடுகின்றன. கொத்தமல்லித் தழை அப்படியில்லை. ரசத்தை இறக்கிய பிறகுதான் மேலே தூவுகிறோம். புதினாச் சட்னியைப் பச்சையாகவே அரைக்கும் வீடுகளும் உண்டு. வெள்ளரிப் பிஞ்சும் முள்ளங்கியும் அப்படியே கடித்துத் தின்னும் பொருள்கள். இவற்றுக்கு இலைத் தெளிப்பு வேண்டாம், வேரில் ஊற்றுவதும் விதை முளைத்த முதல் சில வாரங்களோடு நிற்கட்டும்.

## வெல்லம் இல்லாத செய்முறை

15 லிட்டருக்கான அளவு இது. ஒரு சிறு மாடித்தோட்டத்துக்குப் போதும்.

1. உரம்: ஒரு கிலோ. மூலப்பொருள் எதுவென்று அடையாளம் தெரியாத அளவுக்கு மட்கி, குளிர்ந்து, கையில் பிடித்தால் உதிர்வதாக இருக்க வேண்டும். அமோனியா வாடை அடித்தால் இன்னும் முடியவில்லை என்று பொருள், ஒரு மாதம் காத்திருங்கள். டீயின் தரம் எந்த நிலையிலும் உரத்தின் தரத்தைத் தாண்டாது. செய்முறையில் வேறு எதில் கஞ்சத்தனம் காட்டினாலும் இதில் காட்டக் கூடாது.

2. தண்ணீர்: மழைநீர் கிடைத்தால் முதல் தரம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் பறந்துவிடும். அவசரமென்றால் ஒரு மணி நேரம் பம்பை ஓடவிட்டாலும் பெருமளவு குறையும். உப்பேறிய போர்த் தண்ணீரும் ஆர்.ஓ. கழிவுநீரும் வேண்டாம். உரத்தின் உப்போடு அதுவும் சேர்ந்தால் நாற்றுகளின் இலை ஓரம் கருகும்.

3. பம்ப்: நிமிடத்துக்கு 5 லிட்டராவது காற்று தள்ள வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு கொளத்தூர் கலர் மீன் கடைகளில் எல்லா அளவிலும் கிடைக்கும். பம்பைத் தரையில் வைக்காதீர்கள், வாளியின் நீர்மட்டத்துக்கு மேலே ஏதாவது ஸ்டூலில் வையுங்கள். மின்சாரம் போனால் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி பம்புக்குள் புகும், கரண்ட் வரும்போது பம்ப் இருக்காது. மின்வெட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டால் பையை வெளியே எடுத்து, அதுவரை ஊறியதை உர ஊறலாக அப்போதே ஊற்றிவிடுவது மேல்.

4. பை: கொசுவலைத் துணியை இரண்டாக மடித்துத் தைத்தால் போதும். பழைய வேட்டியில் கட்டினால் நெசவு நெருக்கமாக இருப்பதால் பூஞ்சை இழைகளும் பெரிய உயிரிகளும் உள்ளேயே தங்கிவிடும். உரத்தைப் பையில் இறுக்கித் திணிக்க வேண்டாம், பாதி இடம் காலியாக இருக்கட்டும். காற்றுக்கல், அதாவது பம்ப் குழாயின் முனையில் மாட்டிக் காற்றைச் சிறு குமிழிகளாக்கும் நுண்துளைக் கல், பைக்கு நேர் கீழே வர வேண்டும்.

5. நேரம்: முன்னே சொன்னபடி கோடையில் 12 முதல் 18 மணி, குளிர்காலத்தில் 24 மணி வரை. மாலையில் தொடங்கினால் மறுநாள் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். பையில் மிஞ்சும் சக்கையைத் தூக்கி எறியாதீர்கள், சத்தின் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. பைகளின் மேல்மண்ணில் பரப்புங்கள்.

6. கழுவுதல்: முடிந்த கையோடு வாளி, குழாய், காற்றுக்கல் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். குழாயின் உட்புறம் வழவழவென்று ஒரு படலம் பிடித்திருக்கும். அடுத்த தொகுதியைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தப் படலம்தான். குழாயைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

பம்பை நிறுத்திய நான்கு மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். வேரில் ஊற்ற, சம அளவு தண்ணீர் கலந்து பைக்கு அரை லிட்டர். குழித்தட்டுகளுக்குக் குழி நனையும் அளவு. பூச்செடி, பழமரக் கன்று ஆகியவற்றின் இலையில் தெளிக்க விரும்பினால் மாலை ஐந்துக்கு மேல். வெயிலில் புறஊதாக் கதிர் பட்டு, இலையிலேயே காய்ந்து செத்துப்போகும் உயிர்களுக்காக ஒரு நாள் பம்ப் ஓட்டுவதில் அர்த்தமில்லை. மாதம் ஒரு முறைக்கு மேல் தேவைப்படாது.

## பாட்டிலில் விற்பது?

காற்றூட்டிய டீயை மூடிய பாட்டிலில் வைத்து மாதக்கணக்கில் விற்க முடியாது. உள்ளே இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு காற்றில்லாமல் வாழ்பவை மேலோங்கும், இல்லையென்றால் எல்லாம் உறங்கும் நிலைக்குப் போகும். பாட்டில் உப்பியிருந்தால் உள்ளே நொதிப்பு நடக்கிறது. கடைகளில் அந்தப் பெயரில் இருப்பது பெரும்பாலும் மண்புழு நீராகவோ ஹியூமிக் கரைசலாகவோ இருக்கும். இரண்டுக்கும் தனிப் பயன் உண்டு, ஆனால் வாங்குவது அதைத்தான் என்று தெரிந்து வாங்க வேண்டும். லேபிளில் மூலப்பொருளோ தயாரித்த தேதியோ இல்லாத பாட்டிலை வாங்குவதைவிட, அதே காசுக்குச் சில கிலோ மண்புழு உரம் வாங்கலாம்.

## உங்கள் மாடியில் பலன் இருக்கிறதா?

முடிவுகள் வாளிக்கு வாளி மாறும் ஒரு விஷயத்தில் மற்றவர் தோட்டத்து வீடியோ நமக்குச் சான்றாகாது. சோதிப்பது கடினமும் அல்ல. ஒரே நாளில் விதைத்த, ஒரே ரகத் தக்காளி நாற்றுகள் பன்னிரண்டை ஒரே அளவுப் பைகளில், ஒரே வெயில் படும் இடத்தில் வையுங்கள். நான்குக்கு டீ. நான்குக்கு அதே அளவு வெறும் தண்ணீர். மீதி நான்குக்கு, டீ தயாரிக்க ஆகும் உரத்தின் பங்கை அப்படியே மேல்மண்ணில் போட்டு, அதே அளவு தண்ணீர். பைகளை வரிசையாகப் பிரிக்காமல் கலந்து வையுங்கள், இல்லாவிட்டால் சுவர் ஓர நிழல் முடிவை மாற்றிவிடும். எத்தனை காய், எவ்வளவு எடை என்று பறிப்புக்குப் பறிப்பு குறித்து வாருங்கள்.

பலரும் இந்த மூன்றாவது குழுவை விட்டுவிட்டு, டீயை வெறும் தண்ணீரோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். அதில் டீ ஜெயித்தால், ஜெயித்தது பம்ப் ஓட்டிப் பெருக்கிய நுண்ணுயிரா, உரத்திலிருந்து இறங்கிய சாம்பல்சத்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றாவது குழுவும் டீக்குச் சமமாகவோ கூடுதலாகவோ காய்த்தால், அடுத்த பருவத்தில் பம்பை மீன்தொட்டிக்கே திருப்பிவிடலாம்.